‘கரண்ட்’ வைத்த கதை



சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் போன் செய்தபோது, விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க. நீ உன் வேலையைப் பத்தி எழுதுடே" என்றார். என் வேலை, புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும் இயந்திரங்களை மருத்துவமனைகளில் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். எலெக்ட்ரிகல் படித்தவன் அங்கே எப்படிப் போனான் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே பதில். அந்தச் சிகிச்சை உலகத்திலும் நம் நாட்டிலும் எப்படி வந்தது என்ற வரலாற்றைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதைத் தொடங்குவதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் பெரியம்மா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர். காலையில் வெற்றிலையும் போயிலையும் வாயில் ஒதுக்கினால், உப்பு வாரி முடிக்கிற வரைக்கும் பசி தெரியாது என்பார். 2006-ல், நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, அவருக்கு இடது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் வந்தது. புற்று என்று சொல்லி, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் 33 நாள் ‘கரண்ட்’ வைக்க வேண்டும் என்றார்கள். நம் பக்கத்தில் கதிர்ச் சிகிச்சைக்கு அதுதானே பெயர்! கன்னத்தில் ஊதா மையால் கோடு போட்டு அனுப்பினார்கள். பத்து நாள் தாண்டியதும் வாயெல்லாம் வெந்து, கஞ்சி இறங்கவில்லை. தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கரண்டு வச்சா ஆளு கருகிப் போகும், அது ஒடம்புலயே தங்கிரும், வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஆகாது என்று.

ஒரு சனிக்கிழமை விடுதியிலிருந்து பார்க்கப் போனேன். பெரியம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்: "ஏய்யா, நீ கரண்டு படிக்கிற பிள்ளைதானே. மூஞ்சில கரண்டு வைக்காங்களே, அது உள்ள போயி என்ன செய்யும்? உசுருக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். "சரியாத் தெரியல பெரியம்மா. கரண்டுன்னா கொஞ்சம் பார்த்துத்தான் இருக்கணும்" என்று சொல்லி வைத்தேன். பெரிய படிப்பு படிக்கிற பிள்ளையே சொல்லிவிட்டான் அல்லவா? 14 நாளோடு அவர் நிறுத்திவிட்டார். 2007-ல் இறந்து போனார்.

என் ஒரு வார்த்தையால்தான் என்று நான் சொல்லவில்லை. வலி இருந்தது, பஸ் செலவு இருந்தது, கூலி போனது. ஆனால் அவர் கேட்ட கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது. அதற்கான பதிலைத் தேடிப் போனதில் எனக்குக் கிடைத்ததுதான் இந்த வரலாறு.

தொடக்கம்

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, ஜெர்மனியில் ரான்ட்ஜன் என்ற பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே பிரான்சில் பெக்கெரல், யுரேனிய உப்பு தானாகவே கதிர் வீசுவதைக் கண்டார். 1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் மனிதனின் கையில் புதிதாக ஒரு ஆயுதம் வந்து சேர்ந்தது.

எக்ஸ் கதிர் வந்த மறு ஆண்டான 1896-லேயே அதைப் புற்றுநோய்க் கட்டிகள் மேல் காட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது அளவு தெரியாது, தடுப்பு தெரியாது. கருவியைக் கையாண்டவர்களின் விரல்களே புண்ணாகி அழுகின. பலர் கையை இழந்தார்கள், சிலர் உயிரையும் இழந்தார்கள். மேரி கியூரியே 1934-ல் இரத்தம் ஊறாமல் போகும் நோயால் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்கக் கதிர்களோடு புழங்கியவர்.

ஆகவே, கதிர் என்றால் கருக்கும் என்ற பயம் நம் தெருவில் யாரோ கட்டிவிட்ட கதை அல்ல. அது உண்மையாக இருந்த காலம் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதே இதுதான்: இயந்திரம் நாலு தலைமுறை மாறிவிட்டது, பயம் மட்டும் முதல் தலைமுறையிலேயே நிற்கிறது.

ஏன் 33 நாள்?

ஒரே நாளில் மொத்தத்தையும் கொடுத்து முடித்தால் என்ன என்று எல்லா நோயாளிகளும் கேட்பார்கள். ஆரம்பத்தில் சில மருத்துவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கட்டி போனது, கூடவே தோலும் சதையும் போனது. 1920-களில் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் குளோட் ரெகோ என்பவர் ஆட்டுக்கிடாக்களை வைத்துச் சோதனை செய்தார். ஒரே தடவையில் கதிர் கொடுத்தால் தோலைக் கெடுக்காமல் கிடாவை மலடாக்க முடியவில்லை. அதையே பல நாளாகப் பிரித்துக் கொடுத்தபோது தோல் தப்பித்தது, காரியமும் நடந்தது. வேகமாகப் பெருகும் விந்தணுச் செல்கள் புற்றுச் செல்களுக்கு நல்ல மாதிரி என்று அவர் எடுத்துக்கொண்டார். அதே நிறுவனத்தில் ஹென்றி கூதார் என்ற மருத்துவர், தொண்டைப் புற்றுக்கு இப்படிப் பிரித்துக் கொடுத்துக் குணமாக்கிக் காட்டினார். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் சிகிச்சைக்கு அடிப்படை அதுதான்.

இதன் தத்துவத்தை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். கதிர் செய்யும் வேலை, செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுப்பது. நல்ல செல்லுக்கும் அறுபடும், புற்றுச் செல்லுக்கும் அறுபடும். நல்ல செல் பொறுப்பான மீனவர் மாதிரி. ராத்திரியே உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிவிட்டுத்தான் மறுநாள் கடலுக்குப் போகும். புற்றுச் செல்லுக்கு அந்தப் பொறுமையும் திறமையும் குறைவு. கிழிந்த வலையோடேயே மறுபடி கிளம்பும். ஆகவே தினம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வந்தால் நல்லது பிழைத்துக்கொள்ளும், கெட்டது நாளுக்கு நாள் தேய்ந்து ஒரு கட்டத்தில் மடியும்.

இந்த அளவைக் கணக்கிட கிரே என்று ஒரு அலகு உண்டு. வழக்கமாக நாளொன்றுக்கு 2 கிரே, வாரத்தில் ஐந்து நாள். வாய், தொண்டைப் புற்றுகளுக்கு மொத்தம் 60 முதல் 70 கிரே வரை. பெரியம்மாவுக்குச் சொன்ன 33 நாள் என்பது 66 கிரே. அவர் வாங்கிக்கொண்டது 28.

இடையில் நிறுத்தினால் என்ன ஆகும்? தப்பிய புற்றுச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். வாய், தொண்டைப் புற்றுகளில் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப் போனால், நோய் அடங்கும் வாய்ப்பில் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கே அப்படி என்றால், பாதியில் விடுவதைப் பற்றி என்ன சொல்ல!

நெய்யூரும் மெட்ராஸும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். முதலில் நம் தென்கோடியிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மருத்துவமனையில் வேலை பார்த்த இயன் ஆர் என்ற மருத்துவர், 1933-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றியது அது. 1933-ல் எழுதியாகிவிட்டது! அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும், நெய்யூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள ஒரு உப்பளத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

அதற்கு மறு ஆண்டு, 1934-ல், மெட்ராஸ் பொது மருத்துவமனை வளாகத்தில் கதிரியல் நிறுவனம் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய கேப்டன் பர்னார்டின் பெயரால் அது பர்னார்டு நிறுவனம் என்றே வழங்குகிறது. ஆனாலும் புற்றுநோய்க்கென்றே தனியாக ஒரு மருத்துவமனை தென்னாட்டில் அப்போது கிடையாது.

அந்தக் குறையைத் தன் சொந்தத் துக்கமாக எடுத்துக்கொண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டமன்றத்திலும் சமூகத்திலும் பல சண்டைகளை ஜெயித்தவர். 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனை அவரை விடவில்லை. 1935-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். 1949-ல் நிதி திரட்டத் தொடங்கினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.

துக்கம் நடந்த ஆண்டுக்கும் கதவு திறந்த ஆண்டுக்கும் இடையில் 31 ஆண்டுகள். திறந்தபோது அவருக்கு வயது 67. இந்த எண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

அந்த மருத்துவமனையை வளர்த்தவர்கள் இருவர். ஒருவர் முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. இன்னொருவர் டாக்டர் சாந்தா. சர் சி.வி. ராமனும் சந்திரசேகரும் பிறந்த குடும்பத்தில் வந்தவர். மருத்துவமனை வளாகத்திலேயே தங்கி, கடைசி வரை அங்கேயே உழைத்து, 2021 ஜனவரியில் காலமானார். மகசேசே விருதும் பத்ம விபூஷணும் பெற்றவர். வாய்ப்புற்றுக்கு மருந்தையும் கதிரையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்பதை உலக அளவில் முன்கூட்டியே சோதித்துக் காட்டியவர்களில் இவர்கள் இருவரும் உண்டு. இன்று முற்றிய வாய், தொண்டைப் புற்றுகளுக்கு அப்படிச் சேர்த்துக் கொடுப்பது எங்கும் வழக்கமாகிவிட்டது.

கோபால்ட் வந்தது

பழைய எக்ஸ்ரே சிகிச்சைக் கருவிகளுக்கு ஒரு பெரிய குறை. அவற்றின் கதிருக்கு ஊடுருவும் சக்தி போதாது. தோலின் மேற்பரப்பில்தான் அதிகபட்ச அளவு இறங்கும். உள்ளே ஆழத்தில் இருக்கும் கட்டிக்குப் போதுமான அளவு போய்ச் சேர வேண்டும் என்றால், வழியில் தோல் வெந்தே தீர வேண்டும். ‘கருகல்’ என்ற சொல் பிறந்த இடம் இதுதான்.

இதை மாற்றியது கோபால்ட்-60. சாதாரணக் கோபால்ட் உலோகத்தை அணு உலையில் வைத்தால், அது ஒரு நியூட்ரானை விழுங்கிக் கதிரியக்கக் கோபால்ட்டாக மாறுகிறது. அதிலிருந்து வரும் காமாக் கதிர்கள் 1.17, 1.33 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் சக்தி உள்ளவை. இந்தக் கதிரின் அதிகபட்ச அளவு தோலில் விழுவதில்லை. தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் விழுகிறது. அரை சென்டிமீட்டர் என்ன பெரிய தூரமா என்று கேட்காதீர்கள். அந்த அரை சென்டிமீட்டரில்தான் கோடிக்கணக்கான பேருடைய தோல் தப்பித்தது. 1951 அக்டோபரில் கனடாவின் லண்டன் என்ற ஊரில் முதல் நோயாளிக்குக் கோபால்ட் சிகிச்சை கொடுத்தார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1956-ல், கனடா நன்கொடையாகக் கொடுத்த கோபால்ட் இயந்திரம் அடையாறுக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவிலேயே முதலாவது அது!

சுதந்திரம் வாங்கி ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. நம் ஊர்களில் பாதிக்கு மேல் மின்விளக்கு இல்லை. அந்த நாளில் இந்தியாவின் முதல் கோபால்ட் இயந்திரம் ஒரு தர்ம மருத்துவமனையில், ஏழைகளுக்காக ஓடியது என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோபால்ட்டுக்கும் குறை உண்டு. அது தானாகத் தேய்ந்துகொண்டே வரும். 5.27 ஆண்டுகளில் சக்தி பாதியாகிவிடும். வருஷத்துக்குச் சுமார் 12 சதவீதம் குறையும். அப்படிக் குறையக் குறைய, ஒரே அளவு கொடுக்க நோயாளியை மேசையில் அதிக நேரம் படுக்க வைக்க வேண்டும். கடைசியில் மூலத்தையே மாற்ற வேண்டும். கழற்றிய பழைய மூலத்தைப் பத்திரமாக ஒப்படைக்க வேண்டும். 2010-ல் டெல்லி மாயாபுரியில், ஒரு ஆராய்ச்சிக்கூடத்தின் பழைய கோபால்ட் கருவி தெரியாமல் பழைய இரும்புக் கடைக்குப் போய், உடைக்கப்பட்டு, ஒரு உயிர் போனது. மருத்துவமனைக்குள் மருந்தாக இருப்பது, கணக்கில்லாமல் வெளியே போனால் விஷம். பொறியாளர்களாகிய நமக்கு அது பாடம்.

தூத்துக்குடிக்கு என்ன சம்பந்தம்?

இருக்கிறது. தூத்துக்குடியில் ஸ்பிக் உரத் தொழிற்சாலையை ஒட்டி 1978-ல் கன நீர் ஆலை இயங்கத் தொடங்கியது. நம்மில் பலர் அதன் வாசலைப் பார்த்திருப்போம், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டிருக்க மாட்டோம். கன நீர் என்பது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதைவிடக் கனமான டியூட்டீரியம் சேர்ந்த தண்ணீர். அணு உலையில் பாய்ந்து வரும் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க அது வேண்டும். ராஜஸ்தானில் ராவத்பாட்டா உலைகள் இந்தக் கன நீர் வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டு மருத்துவமனைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டிய கோபால்ட்-60, அந்த வகை உலைகளுக்குள் கோபால்ட்டை வைத்துத்தான் தயாராகிறது. மூலத்துக்குக் கனடாவை எதிர்பார்த்திருந்த நாடு, தானே அதைத் தயாரிக்கும் நாடாயிற்று. 2000-களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் ‘பாபாட்ரான்’ என்ற கோபால்ட் சிகிச்சை இயந்திரத்தையும் இங்கேயே வடிவமைத்தது. வியட்நாமுக்கு அதில் ஒன்று இந்தியாவின் அன்பளிப்பாகப் போனது. 1956-ல் வாங்கிய கை, பிறகு கொடுக்கும் கையானது.

கரண்ட், நிஜமாகவே கரண்ட்

இப்போது என் வேலைக்கு வருகிறேன். லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரம். சுருக்கமாக லீனாக். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காகச் செய்த நுண்ணலைக் குழாய்களிலிருந்து பிறந்தது. எலெக்ட்ரான்களை ஒரு செப்புக் குழாய்க்குள் விட்டு, நுண்ணலையால் உந்தித் தள்ளி, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஒரு டங்ஸ்டன் தகட்டில் மோத வைக்கிறோம். அப்போது பிறப்பது மிகுந்த சக்தி வாய்ந்த எக்ஸ் கதிர். 1953-ல் லண்டனில் முதல் நோயாளி. 1956-ல், அடையாறுக்குக் கோபால்ட் வந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கண்ணில் புற்று வந்த ஒரு சிறுவனுக்கு லீனாக்கால் சிகிச்சை கொடுத்து அவன் பார்வையைக் காப்பாற்றினார்கள். நம் நாட்டில் 1970-களிலேயே அடையாறு லீனாக்கை நிறுவிவிட்டது.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் ஒரு விஷயம் உண்டு. கோபால்ட் இயந்திரத்தில் கதிர் வருவதற்குக் கரண்ட்டே வேண்டாம். மின்சாரம் போனாலும் கோபால்ட் கதிர் வீசிக்கொண்டேதான் இருக்கும், ஈயக் கவசத்துக்குள் அடைத்துத்தான் வைக்க வேண்டும். அதை ஜனங்கள் ‘கரண்ட்’ என்றார்கள். லீனாக்குக்கு நிஜமாகவே கரண்ட் வேண்டும். சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். பெயர் முந்திக்கொண்டது, இயந்திரம் பின்னால் வந்து பெயருக்குப் பொருந்தியது!

லீனாக்கின் வாயில் விரல்கள் மாதிரி மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். கட்டியின் உருவத்துக்கேற்ப அவை நகர்ந்து கதிரைச் செதுக்கிக் கொடுக்கும். நாக்கில் கட்டி என்றால் உமிழ்நீர்ச் சுரப்பியை முடிந்தவரை தப்பவிடலாம். முகத்தில் மையால் கோடு போட்ட காலம் போய், முகத்துக்கு அளவெடுத்த பிளாஸ்டிக் வலை முகமூடி வந்துவிட்டது. கோடு முகமூடியின் மேல், முகத்தில் இல்லை. தெருவில் யாரும் கேட்கப் போவதில்லை. இதை முதன்முதலில் பார்த்த அன்று நான் பெரியம்மாவின் கன்னத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எந்திரக் கதவை மூடும் முன்னால் மருத்துவ இயற்பியலாளர் காலையில் அளவைச் சரிபார்ப்பார். சொன்ன அளவுக்கும் வந்த அளவுக்கும் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கு முதல் நோயாளி உள்ளே போக முடியாது, எனக்குத்தான் போன் வரும். இயந்திரம் நின்றால் வெளியே முப்பது நாற்பது பேர் பெஞ்சில் காத்திருப்பார்கள். ஒரு நாள் என்பது ஒரு சதவீதம் என்று எழுதினேன் அல்லவா? ஆகவே அந்த போனை நான் எந்த நேரத்திலும் எடுப்பேன்.

இன்று வெளியூருக்கு ஓட வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. 2020-ல் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே லீனாக் வந்துவிட்டது. நம் சாயர்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போய், சிகிச்சை எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் தூரம்.

பெரியம்மாவுக்கு என் பதில்

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பிப் போக முடிந்தால் இப்படிச் சொல்வேன்:

"பெரியம்மா, இது வீட்டுல வர்ற கரண்டு இல்ல. ஷாக் அடிக்காது. மேசையில படுத்திருக்கும்போது ஒண்ணுமே தெரியாது, போட்டோ எடுக்கிற மாதிரிதான். வெளியிலிருந்து வைக்கிற கதிர் உடம்புல தங்காது. அறையை விட்டு வெளியே வந்ததும் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிடலாம். வாய் வேகும், அது நிஜம். இரண்டாவது, மூணாவது வாரத்துல ஆரம்பிச்சு, முடிஞ்ச பிறகும் சில வாரம் இருக்கும். அப்புறம் ஆறும். அது நோய் முத்துறது இல்ல, மருந்து வேலை செய்யுறதுக்குக் கூலி. காரம் சேர்க்காதீங்க, டாக்டர் சொல்ற தண்ணியில வாய் கொப்புளிங்க. விழுங்க முடியலைன்னா மூக்கு வழியா டியூப் போடுவாங்க, அதுக்குப் பயப்படாதீங்க. போயிலையை இன்னைக்கே விட்டுருங்க. எது வந்தாலும் நீங்களா நிறுத்தாதீங்க. 33-ன்னா 33."

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர் வேறு வகை. அதைப் பற்றி அங்குள்ள மருத்துவர்களிடம் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நவீன முறையில் சில நிமிடங்களில் முடிந்து, கதிர் மூலம் தானாகவே பெட்டிக்குள் திரும்பிவிடும். அதுவும் உடம்பில் தங்குவதில்லை.

எல்லாப் புற்றும் கதிரால் குணமாகும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வதும் இன்னொரு அரைகுறைப் பேச்சுதான். சிலருக்கு அறுவை, சிலருக்கு மருந்து, சிலருக்கு மூன்றும் தேவைப்படும். குணமாக்க முடியாத நிலையிலும், எலும்பு வலியைக் குறைக்கக் கதிர் கொடுப்பார்கள். முடிவு டாக்டர் கையில். ஆனால் தொடங்கியதை முடிப்பது நம் கையில்.

நான்காவது ஆள்

நம் ஊரில் 1842-ல் வந்து தங்கிப் பள்ளியும் கல்வியும் வளர்த்த ஜி.யு. போப், பிற்காலத்தில் 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் குறளில் மருந்து என்று ஒரு அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு பங்காளிகளைச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுப்பவர். முதல் மூன்று பேரும் 2006-லும் இருந்தார்கள். நான்காவது ஆளாக நான் இருந்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆகவே நண்பர்களே, இந்த மலரைப் படிக்கிற உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

முன்னாள் மாணவர்களுக்கு: உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில் ஒருவருக்காவது இந்தச் சிகிச்சை நடக்கும். படித்தவன் என்று உங்களிடம் கேட்பார்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "வாங்க, டாக்டர்கிட்டயே கேப்போம்" என்று கூடப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு, அதை வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு வாரம் பஸ்ஸில் துணைக்குப் போய் வாருங்கள். பாதியில் நிறுத்துகிறவர்களில் பலர் நோய்க்குப் பயந்து நிறுத்துவதில்லை. துணை இல்லாமல்தான் நிறுத்துகிறார்கள்.

இன்றைய மாணவர்களுக்கு: எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிகல், மெக்கானிகல், கம்ப்யூட்டர் என்று எது படித்தாலும் இந்தத் துறையில் இடம் உண்டு. லீனாக்குக்குள் இவை அத்தனையும் இருக்கின்றன. இயற்பியல் படிக்கும் உங்கள் நண்பர்களுக்கு மருத்துவ இயற்பியல் என்று ஒரு படிப்பு இருப்பதைச் சொல்லுங்கள். கதிர்ச் சிகிச்சை டெக்னாலஜிஸ்ட் படிப்பும் உண்டு. சம்பளம் உண்டு, மரியாதை உண்டு. அதைவிட, சிகிச்சை முடிந்த கடைசி நாளில் ஒரு பாட்டி முகமூடியைக் கழற்றிவிட்டு, "வாரேன்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்க்கலாம்.

அப்படி ஒருவர் போகும்போது நான் வழக்கமாகச் சிகிச்சை அட்டையை எட்டிப் பார்ப்பேன். 33-க்கு 33 என்று இருக்கும்.